அடித்தரை தெரிந்தால்தான் கணக்கு நேராகும்: மாங்குளம் யார்டில் ட்ரோன் கொண்டு குவியல் அளந்த சேவை

வவுனியாவிலிருந்து இயங்கும் ஒரு சிறிய நில அளவை நிறுவனம், மாங்குளத்தில் உள்ள எங்கள் கட்டுமானப் பொருள் யார்டின் கையிருப்பை ட்ரோன் மூலம் அளந்து தந்த சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேவை நல்லது, வன்னியில் சல்லி, மணல், கிரவல் முதலியவற்றைப் பெருமளவில் குவித்து வைத்திருக்கும் எவரும் இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் ட்ரோனின் கமெராவுக்குத் தெரிவது குவியலின் மேற்பரப்பு மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது. குவியலுக்குக் கீழே தரை எப்படிக் கிடக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. அந்தத் தரையைப் பற்றி நாம் என்ன எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே குவியலின் கணக்கு நூறு கியூப் (ஒரு கியூப் என்பது நூறு கன அடி) ஏறவும் இறங்கவும் கூடும். இந்தச் சேவையை வாங்க நினைப்பவர்கள் பறக்கும் இயந்திரத்தின் தரத்தை விசாரிப்பதைவிட, அடித்தரையை எப்படி எடுக்கப் போகிறார்கள் என்பதை விசாரிப்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் யார்டு ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் சந்திக்குச் சற்று உள்ளே இருக்கிறது. வவுனியாப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து முக்கால் இஞ்சிச் சல்லி, ஒன்றரை இஞ்சிச் சல்லி, கல்தூள், வீதி அடித்தளத்துக்கான ஏ.பி.சி. எனப்படும் கல் கலவை ஆகியன வந்து சேர்கின்றன; அனுமதிப் பத்திரத்துடன் ஏற்றப்பட்ட ஆற்று மணலும், அண்டிய கிராமங்களிலிருந்து கிரவலும் வருகின்றன. இங்கிருந்து வீதி வேலைகளுக்கும் குளக்கட்டுத் திருத்தங்களுக்கும் வீட்டுத் திட்டங்களுக்கும் பொருள் போகிறது. வருவதும் போவதும் டிப்பர் கணக்கில் எழுதப்படுகின்றன. பெட்டியை மட்டம் தட்டி ஏற்றிய மூன்று கியூப்பும், கூம்பலாக ஏற்றிய மூன்று கியூப்பும் புத்தகத்தில் ஒரே எண்ணாகவே பதியப்படும். அதன்மேல் மாரிமழை கல்தூளைக் கரைத்துக்கொண்டு போகிறது. லோடர் ஏறி இறங்கும் இடங்களில் அடிக்கல் மண்ணுக்குள் புதைகிறது. ஆகவே மார்ச் 31 ஆம் திகதி நிதியாண்டு முடியும்போது புத்தகத்திலிருக்கும் கியூப்பும் தரையிலிருக்கும் கியூப்பும் ஒத்துப்போவது அரிது.

அந்த வித்தியாசம் வெறும் எண்ணாக நின்றுவிடுவதில்லை என்பதால்தான் இதை இவ்வளவு அக்கறையோடு எழுதுகிறேன். குறைந்த கியூப்புக்குக் கணக்காய்வாளர் விளக்கம் கேட்கும்போது, பதில் சொல்ல வேண்டியவர் களஞ்சியக் காப்பாளர். அவருக்கு அடுத்து இரவுக் காவலாளி. அவருக்கும் அடுத்து லோடர் ஓட்டுநர். யாரும் எடுக்காத சல்லிக்காக ஒருவர் வேலையை இழந்த கதைகள் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். சரியாக அளக்காத அளவீடு ஒன்று, நேர்மையான மனிதர் ஒருவரைக் கள்வராக்கிவிடும். நாடாவும் கண்மதிப்பும் கொண்டு அளந்த எண்ணை வைத்து ஒருவர்மீது பழி சுமத்துவது நியாயமன்று என்பதே புதிய முறை ஒன்றைத் தேடுவதற்கு எங்களைத் தூண்டியது.

பழைய முறையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அடியின் சுற்றளவையும் சரிவின் நீளத்தையும் நாடாவால் அளந்து, குவியலைக் கூம்பாகவோ முகட்டோடு கூடிய கூரை வடிவமாகவோ எடுத்துக்கொண்டு சூத்திரத்தில் போடுவது எளிய வேலை. குவியல் புதிதாக, ஒழுங்காகக் கொட்டப்பட்டதாக இருந்தால் விடையும் ஓரளவு பொருந்தும். ஆனால் ஒரு பக்கத்தில் லோடர் அள்ளி அள்ளிக் குடைந்துவிட்ட குவியல் எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காது. கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி கொண்டு அளந்தால் திருத்தமான விடை கிடைக்கும். எனினும் ஒருவர் பிரிசம் பொருத்திய கோலைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழக்கூடிய சல்லியின்மேல் ஏறியிறங்க வேண்டும். குடைந்து செங்குத்தாக நிற்கும் முகப்பின் உச்சியில் ஒருவரை நிறுத்துவதற்கு எனக்கு மனம் ஒப்பியதே இல்லை. அத்தனை சிரமத்துக்குப் பிறகும் ஒரு குவியலில் எடுக்கப்படும் புள்ளிகள் சில நூறுதான். ட்ரோன் படங்களிலிருந்து கிடைப்பவையோ இலட்சக்கணக்கில்.

ட்ரோன் பறக்கவிடுவது இலங்கையில் நினைத்தவுடன் செய்யக்கூடிய காரியமன்று. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதல்களைத் தொடர்ந்து ட்ரோன் பறப்புகள் முற்றாகத் தடை செய்யப்பட்டிருந்தன. இப்போது இயந்திரம் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பறப்புக்கு அனுமதியும் வேண்டும். படை முகாம்களுக்கு அண்மையில் பாதுகாப்புத் தரப்பின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நடவாது. இந்த நிறுவனம் அவற்றையெல்லாம் தானே பார்த்துக்கொண்டது. எங்களிடம் கேட்டது காணியின் வரைபடமும் ஒரு கடிதமும் மட்டுமே. ஆனால் அனுமதி கைக்கு வரும்வரை நாள் குறிக்க முடியவில்லை. கணக்காண்டு முடிவுக்கு முந்திய வாரத்தில் தொலைபேசியில் அழைத்து, மறுநாளே வரச் சொல்லும் எண்ணம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது.

காகித அனுமதிக்கு அப்பால் அவர்கள் செய்த ஒரு காரியத்தை நான் தனியாக மதிக்கிறேன். யார்டு வேலிக்குப் பின்னால் குடியிருப்பவர்கள், போர்க்காலத்தில் வேவு விமானத்தின் இரைச்சலுக்குக் கீழே மாதக்கணக்காக வாழ்ந்தவர்கள். தலைக்கு மேலே அதே போன்ற ஒலி திடீரென்று எழுந்தால் அவர்களுக்கு எப்படியிருக்கும் என்பதை வெளியூரிலிருந்து வருபவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்தக் குழு முதல்நாளே கிராம அலுவலருக்குத் தெரிவித்து, வேலியோர வீடுகளுக்கும் நேரில் போய்ப் பறக்கவிடும் நேரத்தைச் சொன்னது. மறுநாள் ஒரு மூதாட்டி வேலியருகே வந்து, "தம்பி, உது படம் மட்டும் எடுக்கிறதுதானே?" என்று கேட்டபோது, "ஓம் அம்மா, கல்லுக் குவியலை மட்டும்தான் எடுக்கிறம், வந்து பாருங்கோ" என்று ட்ரோனை இயக்கிய இளைஞர் திரையை அவர் பக்கம் திருப்பிப் பிடித்துக் காட்டினார். அதன் பிறகே இயந்திரத்தை மேலே ஏற்றினார். வன்னியில் ட்ரோன் சேவை நடத்தும் எவருக்கும் இது கட்டாயக் கடமையாக இருக்க வேண்டும்.

களவேலையின் முதற்பகுதி முழுவதும் தரையில்தான் நடந்தது. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரம் தீட்டிய பலகைகளை யார்டின் மூலைகளிலும் நடுவிலும் உயரமான ஓர் இடத்திலும் ஆணியடித்து நிறுத்தி, ஒவ்வொன்றின் மையத்தையும் இடத்தையும் உயரத்தையும் சென்றிமீற்றர் நுணுக்கத்தில் தரும் ஆர்.டி.கே. வகைச் செய்மதிக் கருவியால் அளந்தார்கள். படங்களைத் தரையின் உண்மையான இடத்தோடும் உயரத்தோடும் பொருத்த உதவும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இவையே. அவற்றில் இரண்டை மட்டும் கணிப்பீட்டில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, இறுதியில் படத்திலிருந்து கிடைத்த உயரமும் கருவியால் அளந்த உயரமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சோதித்தார்கள். எங்கள் அறிக்கையில் அந்த வித்தியாசம் 3 சென்றிமீற்றருக்குள் இருந்தது. அலுவலகப் படிக்கட்டின் அருகே ஒரு கொங்கிறீற் முளையைப் பதித்து அதன் உயரத்தையும் எழுதித் தந்தார்கள். அடுத்த முறை யார் வந்து அளந்தாலும் அதே முளையிலிருந்து தொடங்கலாம். இந்த முளை ஏன் இவ்வளவு பெறுமதியானது என்பதைக் கீழே சொல்கிறேன்.

அவர்கள் கொண்டுவந்தது மாவிக் 3 எண்டர்பிரைஸ் வகை ட்ரோன். 20 மெகாபிக்சல் கமெராவும், படம் வளையாமல் எடுக்க உதவும் இயந்திர ஷட்டரும் அதில் உண்டு. 60 மீற்றர் உயரத்தில் பறந்தபோது படத்தின் ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 1.6 சென்றிமீற்றரைக் காட்டியது. ஒரு முக்கால் இஞ்சிச் சல்லிக் கல்லே ஒரு பிக்சலைவிடச் சற்றுப் பெரிது என்றால் நுணுக்கம் விளங்கும். அடுத்தடுத்த படங்கள் 80 வீதமும் பக்கத்து வரிசைகள் 70 வீதமும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுக்கப்பட்டன. ஒரே கல்லைப் பல கோணங்களிலிருந்து பார்த்த படங்களை மென்பொருள் ஒப்பிட்டு, அந்தக் கல் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் கணிக்கிறது. நேர்கீழாக எடுத்த படங்களோடு சாய்கோணத்தில் ஒரு சுற்றுப் படங்களும் எடுத்தது நல்ல முடிவு. லோடர் குடைந்த செங்குத்து முகப்பு மேலிருந்து பார்த்தால் ஒரு கோடாகவே தெரியும், சாய்த்துப் பார்த்தால்தான் அதற்கு உருவம் கிடைக்கும்.

நேரத் தெரிவு இங்கே இலேசானதல்ல. ஆனி, ஆடி மாதங்களில் சோளகம் பலமாக வீசும். செக்கனுக்கு 12 மீற்றர் வரை காற்றைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொன்னாலும், அந்த எல்லைக்கு அருகே பறந்தால் பற்றரி விரைவில் இறங்கும், படங்களும் கலங்கும். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும், ஆனால் நிழல்கள் நீளும். கருநிழலில் கிடக்கும் சரிவில் மென்பொருளுக்கு ஒப்பிட எதுவும் அகப்படாது. நண்பகலில் நிழல் இல்லை, காற்று உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தெரிந்தெடுத்து, லோடரையும் டிப்பர்களையும் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். பறப்பு அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. யார்டை நாள் முழுவதும் மூடி வைக்கத் தேவையில்லாமல் போனதே எங்களுக்குக் கிடைத்த முதல் இலாபம்.

இனி அடித்தரைக்கு வருகிறேன். குவியலின் கனவளவு என்பது மேற்பரப்புக்கும் அடிப்பரப்புக்கும் இடையில் உள்ள இடம். மேற்பரப்பைப் படங்கள் தருகின்றன. அடிப்பரப்பை மென்பொருளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குப் பல வழிகள் உண்டு. குவியலின் அடியோரத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, அந்தக் கோட்டிலுள்ள உயரங்களை இணைத்து நடுவில் ஒரு தரையைக் கற்பனை செய்யலாம். அடியோரத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியின் மட்டத்தில் ஒரு சமதளத்தை வைக்கலாம். குவியல் கொட்டப்படுவதற்கு முன் வெறுந்தரையை அளந்து வைத்திருந்தால் அதையே அடியாகக் கொடுக்கலாம். மென்பொருளில் இவை ஒரு பொத்தானின் வெவ்வேறு தெரிவுகள். யார்டில் இவை இலட்சக்கணக்கான ரூபாய் வித்தியாசம்.

எங்கள் பெரிய சல்லிக் குவியலையே எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பரப்பு 1,240 சதுர மீற்றர். அடியோர உயரங்களை இணைத்து எடுத்தபோது கனவளவு 2,310 கன மீற்றர், அதாவது 816 கியூப். ஆனால் எங்கள் யார்டு மழைநீர் வடியும் கானை நோக்கிச் சரிந்தே கிடக்கிறது. குவியலின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் தரையில் 60 சென்றிமீற்றர் இறக்கம் உண்டு. மிகத் தாழ்ந்த புள்ளியின் மட்டத்தில் சமதளத்தை வைத்திருந்தால், சராசரியாக 30 சென்றிமீற்றர் மண்ணும் சல்லிக் கணக்கில் சேர்ந்திருக்கும். அது 372 கன மீற்றர், 131 கியூப். அதே படங்கள், அதே மென்பொருள், அதே குவியல். ஒரு தெரிவு மாறியதால் 816 கியூப் 947 கியூப் ஆகியிருக்கும். அந்த எண்ணோடு நிதியாண்டை முடித்து, அடுத்த ஆண்டு வேறொருவர் சரியான அடியோடு அளந்தால், களஞ்சியக் காப்பாளரின் கையிலிருந்து 131 கியூப் சல்லி காற்றில் கரைந்ததாகவே ஏட்டில் நிற்கும்.

இந்தச் சேவையை நான் நல்லதென்று சொல்வதற்கு முதற்காரணம், அவர்கள் இதைக் கேட்காமலே விளக்கியதும், எந்தக் குவியலுக்கு எந்த அடியை எடுத்தோம் என்று அறிக்கையில் ஒவ்வொன்றுக்கும் எழுதியதுமே. இதற்கு முன் நாங்கள் விலை கேட்ட வேறோர் இடத்தில், அடியை எப்படி எடுப்பீர்கள் என்ற கேள்விக்கு, மென்பொருளே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற பதில்தான் கிடைத்தது. கட்டுப்பாட்டுப் பலகைகளும் வேண்டாம் என்றார்கள். கட்டணம் குறைவாக இருந்தும் அவர்களை நாங்கள் அழைக்கவில்லை.

அடியோரத்தை இணைக்கும் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. அதை எடுத்துக்காட்டியவர் எங்கள் லோடர் ஓட்டுநர். கல்தூள் குவியலின் எல்லைக்கோட்டை மடிக்கணினியில் வரைந்துகொண்டிருந்தபோது அவர் அருகில் வந்து நின்று பார்த்துவிட்டு, "தம்பி, உந்தக் குவியலுக்குக் கீழ பள்ளம் இருக்கு. முந்தி இதில கிரவல் வெட்டினது, பிறகுதான் தூளைக் கொட்டி நிரப்பினது" என்றார். அளவையாளர் உடனே எழுந்து, "எவ்வளவு தூரத்துக்கு அண்ணை, ஒருக்கா நடந்து காட்டுங்கோ" என்று அவரோடு குவியலைச் சுற்றி நடந்து, பள்ளத்தின் உத்தேச எல்லையைக் குறித்துக்கொண்டார். பள்ளத்துக்குள் கிடக்கும் கல்தூளை எந்தக் கமெராவாலும் காண முடியாது. அறிக்கையில் அந்தக் குவியலுக்கு நேரே, காட்டப்பட்ட கனவளவு தரைமட்டத்துக்கு மேற்பட்டது மட்டுமே என்றும், கீழேயுள்ள பள்ளம் அளக்கப்படவில்லை என்றும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. பள்ளத்துக்கு ஓர் உத்தேச எண்ணைப் போட்டு மொத்தத்தோடு சேர்த்துவிடுவது எளிதாக இருந்திருக்கும். அதைச் செய்யாமல் விட்டதை நான் நேர்மை என்று கொள்கிறேன். யார்டில் நீண்டகாலம் வேலை செய்தவர்களை அளவீட்டு நாளில் கூடவே நிற்கச் செய்யுங்கள் என்று மற்றவர்களுக்கும் சொல்வேன்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் புதைந்த கல்லின் சிக்கல் இருக்கிறது. மழைக்காலத்தில் இளகும் செம்மண் தரையில் கொட்டிய சல்லியின் கீழ்ப்படை மண்ணோடு கலந்துவிடும். அதை அள்ளிக் கொங்கிறீற்றுக்குக் கொடுக்க முடியாது. அந்தப் படை 15 சென்றிமீற்றர் தடிப்பானது என்று வைத்துக்கொண்டால், மேற்சொன்ன குவியலில் அது 186 கன மீற்றர், ஏறக்குறைய 66 கியூப். அளவீட்டில் அது இருக்கும், விற்பனையில் இராது. இதைத் தீர்ப்பது ட்ரோன்காரரின் வேலையன்று. அடியில் கிரவல் பரப்பி இறுக்கிய பின்னரே சல்லி கொட்ட வேண்டும் என்பது யார்டு நடத்துபவரின் வேலை.

ஆகவே மிகச் சிறந்த வழி, வெறுந்தரையை முன்கூட்டியே அளந்து வைப்பது. அப்போதுதான் கொங்கிறீற் முளை தன் பெறுமதியைக் காட்டும். மேற்பரப்பும் அடியோரமும் ஒரே பறப்பில் எடுக்கப்பட்டால், மொத்த உயரமும் சில சென்றிமீற்றர் ஏறியோ இறங்கியோ இருந்தாலும் கனவளவு மாறாது. இரண்டும் சேர்ந்தே நகர்வதால் பிழை கழிந்துவிடும். அடியை ஒரு காலத்திலும் மேற்பரப்பை இன்னொரு காலத்திலும் எடுத்தால் அந்தச் சலுகை இல்லை. 3 சென்றிமீற்றர் வித்தியாசம் 1,240 சதுர மீற்றரில் 37 கன மீற்றர், அதாவது 13 கியூப். 816 கியூப்பில் அது ஒன்றரை வீதத்துக்குச் சற்று மேல். இரு அளவீடுகளும் ஒரே முளையிலிருந்து தொடங்கினால் அந்தப் பிழையைக் கட்டுக்குள் வைக்கலாம்.

உயரத்தைப் பற்றி இலங்கையில் இருப்பவர்கள் கூடுதலாக அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. செய்மதிக் கருவி தரும் உயரம் பூமியின் கணித வடிவமான நீள்கோளத்திலிருந்து அளக்கப்படுவது. நாம் வழக்கமாகச் சொல்வது கடல்மட்டத்திலிருந்து. உலகிலேயே புவியீர்ப்பின் மிக ஆழமான தாழ்வு இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருப்பதால், இங்கே இவ்விரு உயரங்களுக்கும் இடையில் 90 மீற்றருக்கும் மேற்பட்ட வேறுபாடு உண்டு. மாங்குளத்துத் தரையின் உயரம் கருவியின் திரையில் கழித்தல் குறியோடு தோன்றியதைக் கண்டு எங்கள் கணக்காளர் திடுக்கிட்டார். 90 மீற்றர் பிழை என்றால் எவர் கண்ணிலும் படும். ஆனால் ஒரு தடவை ஒரு கணித மாதிரியைக் கொண்டும் மறுதடவை வேறொன்றைக் கொண்டும் கடல்மட்டத்துக்கு மாற்றினால், சில பத்துச் சென்றிமீற்றர் வித்தியாசம் சத்தமில்லாமல் புகுந்துவிடும். எங்கள் அறிக்கையில் எந்த ஆள்கூற்று முறை, எந்த உயர முறை என்பவை முதற்பக்கத்திலேயே இருந்தன. வாங்குபவர்கள் இந்த இரு வரிகளையும் கேட்டுப் பெற வேண்டும்.

மணல் குவியலில் இன்னொரு சிக்கல் எழுந்தது; அதற்கும் ட்ரோனுக்கும் தொடர்பில்லை என்றாலும், அறிக்கையைப் படிப்பவர் தெரிந்திருக்க வேண்டும். ட்ரோன் அளப்பது கனவளவை, நிறையை அல்ல. ஈரம் பட்ட மணல் உப்பும். நூற்றுக்கு ஐந்து வீதமளவு ஈரம் ஏறிய மெல்லிய மணல், காய்ந்த நிலையைவிட 20 முதல் 30 வீதம் வரை கூடுதல் இடம் பிடிக்கலாம். முற்றாக நீரில் மூழ்கினால் மறுபடி பழைய அளவுக்கே அடங்கிவிடும். ஒரு வாளியில் ஈர மணலை நிரப்பி மட்டம் தட்டி, அதை வெளியே கொட்டி, வாளியில் பாதி நீர் ஊற்றி, அதே மணலைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறிப் பார்த்தால் மணல் விளிம்பிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பது கண்முன்னே தெரியும். அளவீட்டு நாளில் நாங்கள் அதைச் செய்து, இறங்கிய அளவை அறிக்கையோடு சேர்த்து வைத்தோம். மாரிக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் மணலை அளந்து கனவளவை மட்டும் ஒப்பிடுபவர்கள், இல்லாத மணலை இருப்பதாகவோ இருந்த மணலைக் காணவில்லை என்றோ முடிவு கட்டக்கூடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. கன மீற்றரில் மட்டுமே எண்கள் இருந்தன. இந்தத் தொழிலில் எல்லோரும் பேசுவதும் எழுதுவதும் கியூப். நூறு கன அடி கொண்ட கியூப் ஒன்று 2.83 கன மீற்றர் என்று கணக்காளருக்குத் தெரியும், ஆனால் தன் பொறுப்பிலுள்ள பொருளின் அளவைத் தானே வாசித்துச் சரிபார்க்கும் உரிமை களஞ்சியக் காப்பாளருக்கும் உண்டு. கேட்டபின் தமிழில் ஒரு பக்கச் சுருக்கமும் கியூப் நிரலும் சேர்த்துத் தந்தார்கள். கேட்காமலே தந்திருக்க வேண்டும். இரண்டாவது, தாமதம். களத்தில் அரைமணியில் முடிந்த வேலையின் அறிக்கை வந்து சேர ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. படங்களைக் கணிப்பதற்குச் சக்தி வாய்ந்த கணினி வேண்டும் என்பதும் அது பல மணி நேரம் ஓடும் என்பதும் உண்மைதான். எனினும் அந்த ஒரு வாரத்தில் யார்டில் டிப்பர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அளந்த நேரத்திலிருந்து அறிக்கை வரும்வரை உள்ள வரவு செலவை நாங்களே தனியேட்டில் குறித்து வைத்திராவிட்டால் எண்கள் பயன்படாமல் போயிருக்கும். மூன்றாவது, தார்ப்பாய் மூடிய சிறு மணல் குவியலின் கனவளவும் மற்றவற்றோடு ஒரே நிரலில் வந்திருந்தது. பாய் தொய்ந்தும் காற்றில் எழும்பியும் கிடந்ததால் அந்த எண்ணுக்குத் தனிக்குறிப்பு வேண்டும், சுட்டிக்காட்டியபின் திருத்தினார்கள். பாயை முன்கூட்டியே அகற்றச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. புல்லும் எருக்கலையும் முளைத்த பழைய கிரவல் குவியலுக்கும் இதுவே பொருந்தும். கமெரா செடியின் உச்சியைத்தான் குவியலின் உச்சியாகக் கொள்ளும்.

கட்டணம் நாட்கணக்கில் கேட்கப்பட்டது. குவியல் பத்தானாலும் இரண்டானாலும் ஒன்றுதான், பயணச் செலவு தனி. எங்களுக்கு ஆன மொத்தத் தொகை நாலு கியூப் மணலின் விலைக்குள் அடங்கியது. மேற்சொன்ன வித்தியாசங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையன்று. ஆனால் வாசலில் இரண்டு டிப்பர் மணலும் ஒரு டிப்பர் சல்லியும் கொட்டி விற்கும் சிறு கடைக்கு இது தேவையில்லை. நாடாவும் மட்டம் தட்டிய பெட்டியும் போதும். சொந்தமாக ஒரு ட்ரோனை வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் ட்ரோன் மப் போன்ற மென்பொருளில் தாங்களே கணித்துக்கொள்ள விரும்புபவர்களும் இருக்கிறார்கள். அது முடியாத காரியமன்று. ஆனால் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை அளக்கும் கருவியும் அனுமதியும் கணினியும் சேரும்போது செலவு ட்ரோனின் விலையைத் தாண்டிவிடும். அத்துடன், கையிருப்பை அளப்பவரும் அதற்குப் பொறுப்பானவரும் ஒருவராக இருப்பதைக் கணக்காய்வாளர் ஏற்கமாட்டார். வெளியாள் கையொப்பமிட்ட அறிக்கைக்கு வங்கியிலும் கணக்காய்விலும் தனி மதிப்பு இருக்கிறது.

எங்கள் முடிவு, ஆண்டுக்கு இருமுறை இவர்களையே அழைப்பது. புரட்டாதியில், வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் கையிருப்பு மிகக் குறையும். அப்போது காலியாகும் மேற்குப் பகுதியின் வெறுந்தரையைப் பறந்து அளந்து, கிரவல் பரப்பி இறுக்கிய பிறகு மறுபடியும் அளந்து, அந்த இரண்டாவது பரப்பையே இனி அங்கு கொட்டப்படும் எல்லாக் குவியல்களுக்கும் அடியாகக் கொள்ள வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். கல்தூள் குவியல் தீரும் நாளில் பள்ளத்தையும் தனியே அளந்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மேலதிகக் கட்டணம் இல்லை என்பதும் அதே கடிதத்தில் உள்ளது.